கல்லாவுக்குப் பூட்டு உண்டு, கணிப்பொறிக்கு?



இரவு கடை அடைக்கும்போது நாம் செய்கிற காரியங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணி எடுத்துக்கொள்கிறோம். ஷட்டரை இறக்கி இரண்டு பக்கமும் பூட்டுகிறோம். பூட்டை இழுத்துப் பார்க்கிறோம். பாதித் தெரு போன பிறகு சந்தேகம் வந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பவர்களும் நம்மில் உண்டு. இவ்வளவு கவனமும் ஷட்டருக்கு. ஆனால் இன்றைக்கு நமது வியாபாரம் முழுவதும் மேஜைமேல் உள்ள கணிப்பொறிக்குள் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி, நாம் மொத்த வியாபாரிக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தச் சரக்கு எத்தனை மூட்டை இருப்பு, வரித்துறைக்குக் காட்டிய கணக்கு என்ன என்பதெல்லாம் அதில்தான். அதற்கு நாம் போட்டிருக்கும் பூட்டு 1234 என்ற கடவுச்சொல். அதையும் மறந்துவிடக்கூடாது என்று ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருப்போம்.

இதைப் பற்றிப் பேசினால் நமது ஆட்கள் சொல்லும் பதில் ஒன்றே. "நம்ம பருப்புக் கடையில என்ன இருக்குன்னு வெளிநாட்டுக்காரன் வந்து திருடப் போறான்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. 2017 மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்றது. அன்றைய மதிப்பில் சுமார் 19 ஆயிரம் ரூபாய். தாமதித்தால் இரட்டிப்பு. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் தடுமாறின. நமது பக்கத்தில் ஆந்திரக் காவல்துறைக் கணிப்பொறிகள் சில மாட்டிக்கொண்டன. சென்னையை அடுத்த கார் தொழிற்சாலையும் தப்பவில்லை. இவற்றோடு கேரளத்து வயநாடு மாவட்டத்தில் தரியோடு என்ற கிராமத்தின் பஞ்சாயத்து அலுவலகக் கணிப்பொறிகளும் பூட்டப்பட்டன. ஒரு கிராமப் பஞ்சாயத்தில் என்ன இருக்கிறது என்று யார் தேடி வந்தார்கள்? யாரும் தேடி வரவில்லை. வலை வீசுகிறவன் மீனின் பெயரைக் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. கதவு திறந்திருக்கிற கணிப்பொறி எதுவானாலும் அந்த வைரஸ் தானாகவே நுழைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அதே ஆண்டு மார்ச் மாதமே இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தக் கட்டத்தை மூடியவர்கள் அகப்பட்டார்கள். வாடிக்கையாளர் நிற்கும் நேரத்தில் 'அப்டேட்' என்று திரையில் வந்தால் எரிச்சல்தான் வருகிறது, மறுக்கவில்லை. இரவு கடை கட்டும்போது அதை ஓடவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும்.

மளிகைக் கடைக்காரரைப் பொறுத்தவரை இதில் உண்மையாகப் பறிபோவது எது? கணிப்பொறி அல்ல. அதன் விலை தெரிந்த விலை. பறிபோவது பாக்கிக் கணக்கு. நமது பகுதி விவசாயிகளுக்கு நெல் விற்றால்தான், மணிலா விற்றால்தான் கையில் காசு. அதுவரை ஆறு மாதச் சாமானும் கடனில்தான் போகிறது. இருநூறு குடும்பத்தின் கடன் ஒரு கணிப்பொறியில் இருந்து, ஒரு நாள் காலை அது திறக்கவில்லை என்றால், நாம் என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று "நீங்கள் எவ்வளவு தர வேண்டும்?" என்று நாமே கேட்க வேண்டியதுதான். நாணயமானவர்கள் சொல்வார்கள். சிலர் குறைத்துச் சொல்வார்கள். இருபது வருஷம் பழகிய இருவருக்கிடையே நூறு ரூபாய் வித்தியாசத்தில் மனக்கசப்பு வரும். அந்தக் கசப்பை எந்த எஞ்சினியர் வந்து சரிசெய்வார்?

இரண்டாவது இழப்பு சட்டப்படியானது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடுத் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம். அதிகாரி வந்து கேட்கும்போது "வைரஸ் தின்றுவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். முன்பு கரையான் தின்றுவிட்டது என்று சொன்னவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்ததோ அதுதான் கிடைக்கும்.

கரையான் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பிறகு அதிலிருந்து ஆள் பெயர் வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஒரே கணக்கை எதற்கு இரண்டு தடவை எழுத வேண்டும் என்று இளவட்டங்கள் கேலி செய்ததுண்டு. பேரேடு நனைந்தாலும் கிழிந்தாலும் சிட்டையை வைத்து மறுபடி பேரேடு கட்டலாம். சிட்டை தொலைந்தால் பேரேட்டைப் பார்த்து யார் பாக்கி என்றாவது சொல்லலாம். பெரிய கடைகளில் ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கும். இன்று கம்ப்யூட்டர்காரர்கள் 'பேக்கப்' என்று எதைச் சொல்கிறார்களோ அதை நமது பெரியவர்கள் மஞ்சள் தடவிய நோட்டில் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கணிப்பொறி வந்ததும் நோட்டை மட்டும் விட்டிருந்தால் போதும், வழக்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய செலவில்லை. வெளியே செருகக்கூடிய 'ஹார்டு டிஸ்க்' இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைத் தேதிக்கு ஒன்று. தினமும் கடை கட்டும்முன் கணக்கு முழுவதையும் அதில் பிரதி எடுங்கள். எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். இந்தக் கழற்றுவதுதான் முக்கியம். பூட்டுப் போடுகிற வைரஸ் வந்தால், அந்த நேரத்தில் செருகியிருக்கிற எல்லா டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். பேக்கப் எடுத்தும் கெட்டவர்கள் பெரும்பாலும் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டவர்கள்தான். ஒரு டிஸ்க் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அது உதவும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு ஒரு கணிப்பொறியில் திறந்து, கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேல்மலையனூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நாள் குறிக்கவே வேண்டாம். அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு விடிய விடிய வியாபாரம் செய்துவிட்டு மறுநாள் கடைத்தெருவே தூங்கி வழியும். அன்று வைத்துக்கொள்ளலாம். அதோடு பாக்கிப் பட்டியலை மட்டும் தாளில் அச்செடுத்து வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டால், எந்த வைரஸ் வந்தாலும் அந்தத் தாளை ஒன்றும் செய்ய முடியாது.

வைரஸ் எப்படி வருகிறது என்பதை இனிப் பார்ப்போம். வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம். கடைத்தெருவில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் உண்டா?

"முதலாளி, ஒரிஜினல் சாப்ட்வேர் வாங்கினா செலவு. நான் ஒரு காப்பி போட்டுத் தர்றேன். அதே மாதிரி ஓடும்."

"ஒண்ணும் ஆகாதே தம்பி?"

"ஒண்ணும் ஆகாது முதலாளி. வைரஸ் தடுக்கிற புரோகிராமை மட்டும் நிறுத்தி வச்சிருக்கேன். அது இருந்தா இது ஏற மாட்டேங்குது."

அது ஏன் ஏற மாட்டேன் என்கிறது என்று முதலாளி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நாய் குரைக்கிறது என்பதற்காக நாயைக் கட்டிப்போட்டுவிட்டு ஆளை உள்ளே விடுகிற கதைதான் இது. பூட்டை உடைத்த திருட்டு நகலுக்குள் வேறு என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது போட்டுக் கொடுத்த தம்பிக்கே தெரியாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குக் கொடுத்தவர் யார்? இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐ.பி.எம். வகை பி.சி.க்களைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்', 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதியது. தங்கள் மருத்துவ சாப்ட்வேரைப் பிறர் காசு கொடுக்காமல் நகல் எடுப்பதைத் தடுக்கத்தான் எழுதினோம் என்றார்கள். அதில் தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் போட்டிருந்தார்கள்! வியாபாரி ஒருவரின் ஆத்திரத்தில் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய வைரஸ்காரன் விலாசம் போடுவதில்லை.

அடுத்த வழி, பென் டிரைவ். ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய், ஜெராக்ஸ் கடைக்குப் போய், பையன் படிக்கும் கல்லூரிக்குப் போய், கடைசியில் நமது கணிப்பொறிக்கு வருகிறது. மூன்றாவது, தூரத்திலிருந்து சரிசெய்யும் 'எனிடெஸ்க்' போன்ற வசதிகள். நல்ல வசதிதான். விழுப்புரத்திலிருந்தே ஒருவர் நமது கணக்கைச் சரிசெய்துவிடுகிறார், வண்டிச் செலவு மிச்சம். ஆனால் வேலை முடிந்ததும் அதை மூடிவிட வேண்டும். கொத்தனார் வேலை முடிந்து போனபின் சாரத்தை அப்படியே விட்டால் யார் வேண்டுமானாலும் மாடிக்கு ஏறலாம் அல்லவா? வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி அதே எனிடெஸ்க்கைப் போடச் சொல்கிறவன் திருடன். இதில் விதிவிலக்கே இல்லை.

நான்காவது, வீட்டுப் பிள்ளைகள். இதைச் சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு கணிப்பொறி வாங்க முடியாமல், கணக்குப் பார்க்கிற அதே கணிப்பொறியில் பிள்ளைகள் இலவச விளையாட்டையும் புதுப் படத்தையும் இறக்குகிறார்கள். இலவசமாக வருவது எதுவும் தனியாக வருவதில்லை. வேறு வழியில்லை என்றால், அதே கணிப்பொறியில் பிள்ளைகளுக்கென்று தனிப் பெயரில், புதிதாக எதையும் நிறுவ அதிகாரம் இல்லாத ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள். கடைப் பையனுக்கும் அப்படியே. பில் போடுகிறவருக்குப் பில் போடும் அளவுக்கு அதிகாரம் போதும்.

கைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-ல் இமாசலப் பிரதேசக் காவல்துறை ஓர் எச்சரிக்கை விட்டது. வாட்ஸ்-அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு 'ஏ.பி.கே.' வருகிறதாம். திறந்தால் பத்திரிகை இராது, கைபேசி அவன் வசம் போகும். வியாபாரிக்கு வருகிற பத்திரிகைக்குக் கணக்குண்டா? முகூர்த்த மாதத்தில் தெரியாத எண்ணிலிருந்து வந்தாலும் வாடிக்கையாளர் வீட்டு விசேஷமாயிருக்கும் என்று திறந்துதான் பார்ப்போம். படமாகவோ பி.டி.எப். ஆகவோ வராமல் ஏ.பி.கே. என்று வந்தால், நேரில் வந்து பாக்கு வைக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அதேபோல 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் கடைகள் முன் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டைகளின் மேல் இரவோடு இரவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். மறுநாள் வியாபாரம் இங்கே, பணம் அங்கே. காலையில் விளக்கேற்றும்போது பத்து ரூபாயை நாமே அனுப்பிப் பார்த்து, நமது பெயர்தான் வருகிறதா என்று கவனிக்க ஒரு நிமிஷம் ஆகாது.

இதெல்லாம் சின்னவர்களுக்கு வருகிற கஷ்டம், பெரிய இடத்தில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். நமது தமிழ்நாட்டு வங்கி ஒன்றில் நடந்ததை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டும். கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் கணிப்பொறிகளுக்குள் 2018 பிப்ரவரியில் திருடர்கள் புகுந்தார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் 'ஸ்விப்ட்' முறையில், துபாய், துருக்கி, சீனா என்று மூன்று இடத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலரை அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதற்கான அத்தாட்சிச் சீட்டு அச்சாகி வரும் பிரிண்டரை முதலிலேயே செயலிழக்கச் செய்துவிட்டார்கள். பிரிண்டர் கெட்டுப்போவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிற சாதாரண விஷயம்தானே!

ஆனால் மறுநாள் காலை, வழக்கம்போல் முந்திய நாள் கணக்கை ஒத்துப் பார்த்தார்கள். தாங்கள் அனுப்பாத மூன்று தொகை தென்பட்டது. உடனே அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது. இதே பிரிண்டர் தந்திரம் 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலும் நடந்தது. அங்கே வியாழன் இரவு திருட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை அந்நாட்டில் விடுமுறை. கணக்கை ஒத்துப் பார்த்துச் சுதாரிப்பதற்குள் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்து சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. கும்பகோணத்தில் காப்பாற்றியது புதுக் கருவி எதுவும் இல்லை. அன்றாடக் கணக்கை அன்றாடம் ஒத்துப் பார்க்கும் பழைய பழக்கம்.

நமது கடையில் எத்தனை பேர் வங்கிக் கணக்கையும் யு.பி.ஐ. வரவையும் தினமும் ஒத்துப் பார்க்கிறோம்? மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போது பார்க்கிறோம். நமக்குத் தெரியாமல் பணம் போனால் வங்கிக்கு எத்தனை நாளில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நமது பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே அனுப்பியது. வங்கிமேலும் நம்மேலும் தப்பில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த திருட்டானால், 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. பின்நம்பரையோ ஓ.டி.பி.யையோ தானே சொன்னவருக்கு, அவர் புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் அவர் தலையில்தான் என்றது. மாதக் கடைசியில் பார்க்கிறவருக்கு மூன்று நாள் எங்கே கிடைக்கும்?

நமது செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். 1690-ல் வந்து சுற்றிய முகலாயப் படை ஏழாண்டுக்கு மேல் காத்துக் கிடந்து 1698-ல்தான் உள்ளே போக முடிந்தது. அதே கோட்டை 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. மலையும் மதிலும் அதே மலை, அதே மதில். 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அதே மதில்தான். பாதுகாப்பு என்று விலை கொடுத்து எதையோ வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கோட்டை ஞாபகம் வரும். விண்டோஸோடு சேர்ந்து வருகிற தடுப்பு புரோகிராமே, அதை நிறுத்தாமலும் புதுப்பித்தும் வைத்திருந்தால், சிறு கடைக்குப் போதுமானது என்பது என் கருத்து. "உங்கள் கணிப்பொறியில் வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் பேசவும்" என்று திரையில் வருவதே ஒரு மோசடி. பேசாமல் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு சங்கடமான விஷயம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே நின்றது. நமது கடைத்தெருவில் இன்றும் இவைதான் ஓடுகின்றன. புதியது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மாத லாபம் என்ன என்று எனக்கும் தெரியும். முடியாதவர்கள் பழைய கணிப்பொறியிலிருந்து இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டு, பில் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலையும் வரி வேலையும் வேறு ஒன்றில் செய்யுங்கள். அப்படியே ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதா, கணக்கு எழுதிக் கொடுக்கும் தம்பியுடையதா என்று இன்றே பாருங்கள். கடை நம்முடையது, சாவி இன்னொருவர் இடுப்பில்! கண்காணிப்பு கேமரா வைத்தவர்கள், வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லை மாற்றினீர்களா? 2016 அக்டோபரில் 'மிராய்' என்ற வைரஸ் இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கியது.

எல்லாம் செய்தும் ஒரு நாள் திரையில் பணம் கேட்டு அறிவிப்பு வந்துவிட்டால் பதற வேண்டாம். முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள், வை-பையை நிறுத்துங்கள். பேக்கப் டிஸ்க்கைச் செருகாதீர்கள். திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். வருகிற சர்வீஸ் ஆள் உடனே 'பார்மட்' பண்ணிவிடலாம் என்பார், பொறுக்கச் சொல்லுங்கள். சில பழைய வைரஸ்களுக்கு, ஐரோப்பியக் காவல்துறையும் பாதுகாப்புக் கம்பெனிகளும் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசச் சாவி உண்டு. பார்மட் செய்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். மணிக்கணக்கு அங்கே முக்கியம். கேட்ட பணத்தைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுத்தவர்களுக்கெல்லாம் சாவி கிடைக்கவில்லை, கிடைத்தவர்களில் சிலருக்குக் கணக்கு அரைகுறையாகத்தான் திறந்தது. எனவே கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆனால் பதினைந்து வருஷக் கணக்கைப் பறிகொடுத்து நிற்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்ததும், சின்னஞ்சிறு கடைக்காரரையும் கணிப்பொறி முன்னால் உட்கார வைத்தார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முறையைச் சொல்லித் தந்த அக்கறையில் பாதியாவது, அந்தக் கணிப்பொறியைக் காப்பாற்றும் முறையிலும் அரசு காட்டியிருக்கலாம். தாமதித்தால் அபராதம் போடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் கடமைதான். அவர்கள் செய்யும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு கடையும் தனித்தனியாக வழியில் கிடைத்த ஆளைக் கூப்பிடுவதற்குப் பதில், சங்கத்தின் சார்பில் நம்பகமான டெக்னீஷியன் ஒருவரை ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொள்ளலாம். மாதம் ஒருநாள், அமாவாசை கழித்து மறுநாள், அவர் கடைத்தெரு முழுவதும் வந்து பேக்கப் திறக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போகட்டும். தராசுக்கு முத்திரை போட வருகிற மாதிரி. முப்பது கடை சேர்ந்தால் ஒரு கடைக்கு ஆகும் செலவு பெரிதாக இராது. கணக்கு ரகசியம் வெளியே போகுமோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கும். அது நியாயமான அச்சம். அவர் கணக்கைத் திறந்து படிக்க வேண்டியதில்லை, கடைக்காரரே திறந்து காட்டினால் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நான் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய விரும்பும் உறுப்பினர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம்.